டில்மன் பார்க்காத தெரு

பம்பாய் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று மீனம்பாக்கத்தில் ஒலிபெருக்கி சொன்னபோது குற்றாலிங்கத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான், இன்னும் தொண்ணூறு நிமிடம் இருக்கிறது, அதற்குள் அந்த ஒரு சொல்லுக்கு முடிவு கட்டிவிடலாம். அடுத்த நொடியே நெஞ்சு மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு மேடை, முந்நூறு பேர், இரண்டு மைக், ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வரும் ஹோரேஸ் டில்மன், மற்றதில் குற்றாலிங்கம், ஐம்பத்திரண்டு வயது, ஆங்கிலப் பேராசிரியர். டில்மன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், இவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும், டில்மன் எந்த ஊரில் பேசினாலும் 'நான் ஒரு கன்சர்வேடிவ்' என்றுதான் தொடங்குவார், அது தெரியும், ஆகவே முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல் வந்து நிற்கும். பழமைவாதி என்றால் முன்வரிசையே முகம் சுளிக்கும், தமிழில் அது பாதி வசவு. மரபுவாதி என்றால் வெண்பா எழுதுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். பேணுநர் என்று நேற்று ராத்திரி ஒரு சொல் தோன்றியது, தோன்றியபோது அழகாக இருந்தது, காலையில் பார்த்தால் கூட்டுறவுச் சங்கத்தில் ஏதோ ஒரு பதவி மாதிரி இருந்தது. காப்பாளர்? 'நான் ஒரு ஹாஸ்டல் வார்டன்' என்று டில்மன் முந்நூறு பேரிடம் சொல்வதை நினைத்ததும் குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், பக்கத்திலிருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார், இவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு புத்தகமாகக் கையில் விழுந்த மனிதர் இன்று உடம்போடு வருகிறார், காலோடு கையோடு வருகிறார், அவரோடு ஒரே காரில் மவுண்ட் ரோடு வரை போகப்போகிறோம், முக்கால் மணி நேரம், ஒருவேளை சைதாப்பேட்டையில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம், நெரிசல் இருக்கட்டும், இன்றைக்குப் போகிப் பண்டிகை, கட்டாயம் இருக்கும்.

வந்தவர் குள்ளமாக இருந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் எப்போதும் மார்பு வரைக்கும்தான் படம் போட்டிருப்பார்கள், அதை வைத்து மீதி உடம்பை ஆறடிக்குக் கட்டி வைத்திருந்தார் குற்றாலிங்கம், இப்போது அந்தப் பெரிய தலையும் தடித்த புருவமும் தன் தோளுயரத்தில் நின்று தும்முவதைப் பார்த்தபோது யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரியும் அதே சமயம் யாரோ தன்மேல் இரக்கம் காட்டிவிட்ட மாதிரியும் இருந்தது. எழுபது வயது, இடது கால் லேசாக இழுக்கிறது, அது இத்தாலியில், போரில், அந்தக் கதை முன்னுரையில் இருக்கிறது, அந்தக் கால்தான் இது. பெட்டியை வாங்கப் போனால் கொடுக்கவில்லை. "நீங்கள்தான் மிஸ்டர் கூட்ரா…" என்று பெயரோடு மல்லுக்கட்டினார். "லிங்கம் போதும் சார்" என்றார் குற்றாலிங்கம், சொன்ன பிறகு தான் இருபத்தாறு வருஷமாகத் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம் அது இல்லை என்பது உறைத்தது. அம்பாசிடரின் பின்சீட்டில் டில்மன் ஏறினார். தான் முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று குற்றாலிங்கம் தவித்தபோது டிரைவர் தணிகாசலம், "சார், பின்னாடியே குந்துங்க, பேசிக்கினே வரலாம்" என்று கதவைத் திறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்தார். அவருடைய முழங்கைக்கும் டில்மனுடைய முழங்கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

தெருவெல்லாம் புகை. விடிகாலையில் கொளுத்தியதெல்லாம் இன்னும் மூலைக்கு மூலை கனன்றுகொண்டிருந்தது, பிள்ளைகள் சின்னச் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள், கத்திப்பாரா பக்கம் போகப் போகப் புகையும் பனியும் ஒன்றாகிவிட்டன, டில்மன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, ஏதாவது கலவரமா என்று கேட்டார். இல்லை சார், பண்டிகை. எதை எரிக்கிறார்கள்? குற்றாலிங்கம் கைக்குட்டையைத் தேடினார். முப்பது வருஷமாக அமெரிக்கா முழுக்க, பழையதை அழிக்காதே, அழிப்பதற்கு முன் கேள் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர் முதன்முதலாக இந்த ஊருக்கு வருகிறார், அவர் வருகிற நாள் பார்த்து ஊரே பழையதைக் கொளுத்திக்கொண்டிருக்கிறது, இந்தத் தேதியை எவன் வைத்தான், இதை எப்படிச் சொல்வது? "பழைய சாமான்களை, சார்" என்றார் மெதுவாக. டில்மன் அவரையே பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார், தும்மலும் சிரிப்பும் சேர்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கொளுத்துவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களா என்று அவரைக் கேளுங்கள்" என்றார் டிரைவரைக் காட்டி. குற்றாலிங்கம் கேட்டார். தணிகாசலம் கண்ணாடியில் இருவரையும் பார்த்து, "பாக்காம இன்னா சார்? கிழிஞ்ச பாயி, தேஞ்ச தொடப்பம், ஒடஞ்ச மொறம், அதான் போடுவோம். நல்லதா இருந்தா எடுத்து வச்சிக்குவோம். அல்லாத்தையும் போட்டுக் கொளுத்தறதுக்கு நாங்க இன்னா லூசா?" என்றார். அதை ஆங்கிலத்தில் சொன்னபோது டில்மன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார், எழுதிக்கொண்டார்! குற்றாலிங்கம் மொழிபெயர்த்த வாக்கியத்தை!

டில்மனின் இந்தக் கைதான். ஒஹையோவில் ரயில் நிலையத் தந்திக் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்து, கல்லூரியில் கம்யூனிஸ்டாகத் திரிந்து, இத்தாலியில் காலில் குண்டு வாங்கிய கை, இல்லை, கால், கை எழுதியது. குண்டு விழுந்து தரைமட்டமான ஒரு மலைக்கிராமத்தில் ஜனங்கள் தங்கள் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன் மாதா கோவில் மணியைத் தூக்கிக் கட்டியதைப் படுக்கையிலிருந்து பார்த்திருந்து, ஊர் திரும்பிக் கட்சியை விட்டு, மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு நானூறு சந்தாதாரர்களோடு ஒரு பத்திரிகை தொடங்கிய கை. 'இடிப்பதற்கு முன்' என்று அந்தப் புத்தகத்தை எழுதிய கை. நீ பிறந்த வீட்டைக் கட்டியவர்கள், நீ இன்னும் பார்த்திராத மழையை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியம்தான். அமெரிக்காவில் செனட்டர்கள் அதைச் சொன்னார்கள், டெலிவிஷனில் அவரோடு சண்டை போட வந்தவர்கள்கூட அதைத் திருத்திச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள், ஒரு தலைமுறைக்கே பேசுகிற விதத்தை அவர் மாற்றிக் கொடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே அப்படி என்றால் இங்கே, திருநெல்வேலியில் அப்பா செத்து, சித்தப்பாக்கள் வீட்டை மூன்றாக அறுத்து நடுவில் செங்கல் வைத்த வருஷத்தில், மூர் மார்க்கெட்டில் நின்றபடியே அந்த வாக்கியத்தைப் படித்த ஒரு பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? வாத்தியார் வேலையில் சேர்ந்து ஆறு மாதம், அழுதுவிட்டான், புத்தகக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு டில்மனைப் படித்துப் பேச ஒரு சனிக்கிழமைக் கூட்டம், கட்டுரைகள், தமிழில் மொழிபெயர்ப்பு, முந்நூறு பிரதி, கல்லூரியில் 'டில்மன் சார்' என்ற பெயர், பின்னால் வெறும் 'பழமை', மாடிப்படியில் ஏறும்போது பையன்கள் பழமை வருதுடா என்பார்கள், அதுவும் ஒரு பட்டம் மாதிரிதான் இனித்தது. அதற்குப் பிறகு ஆவுடை.

வேண்டாம். இன்றைக்கு அது வேண்டாம். கிண்டி தாண்டிவிட்டது, பல்லவன் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வருகிறது, கரும்பு ஏற்றிய வண்டி குறுக்கே நிற்கிறது, கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது, நாலாம் அத்தியாயத்தில் வரும் அந்த அடிக்குறிப்பைக் கேட்கலாம், அந்தச் சொல்லைக் கேட்கலாம், கன்சர்வேடிவ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்ல என்று அவரையே கேட்டுவிடலாம். ஆனால் மனசு பிடித்துக்கொண்ட இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. ஆவுடை, தங்கை, ஆறு வயது இளையவள், நர்ஸ் படிப்பு படித்தவள், அறுபத்தாறில் எழுதினாள், அண்ணே, எங்க ஆஸ்பத்திரி லேபுல இருக்கிற ஞானதாஸைக் கல்யாணம் பண்ணிக்கிடப் போறேன், நீ வந்து நிக்கணும். ஞானதாஸின் அப்பாவைக் குற்றாலிங்கத்துக்குத் தெரியும். பிள்ளைமார் தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார், தெரு முடிந்த பிறகு காலில் போட்டுக்கொள்வார், வெயில் காலத்தில் கொஞ்சம் வேகமாக நடப்பார். சின்ன வயதில் இவரும் ஆவுடையும் வாசலில் நின்று பார்த்ததுதான். குற்றாலிங்கம் தங்கைக்குப் பதினொரு பக்கம் எழுதினார். திட்டவில்லை. ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை, எவ்வளவு அழகான கடிதம், எவ்வளவு நிதானம், மூன்றாம் பக்கத்தில் டில்மன், ஏழாம் பக்கத்தில் டில்மன், இந்தத் தெருவை வகுத்தவர்கள் நாம் இன்னும் பார்த்திராத மழையை நினைத்து வகுத்திருக்கிறார்கள், ஆவுடை, அவசரப்படாதே. திரும்பி ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதில் ஒரே வரி. 'அண்ணே, அந்த அமெரிக்கக்காரர் நம்ம தெருவைப் பார்த்திருக்காரா?' அவ்வளவுதான், கல்யாணத் தேதிகூட இல்லை. இவர் பதில் போடவில்லை. முதல் மாதம் கோபத்தில் போடவில்லை, இரண்டாம் மாதம் பதில் யோசித்துக்கொண்டிருந்ததால் போடவில்லை, மூன்றாம் மாதத்துக்கு மேல் எதனால் என்று தெரியவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாதவன் இருபது கட்டுரை எழுதலாம், எழுதினார், ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தக் கார்டு வந்து குறுக்கே கிடக்கும், தாண்டிப் போவார்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஹாரன். டில்மன் மூக்கைச் சிந்திக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே இல்லை, கேட்டால் இந்த மனிதர் என்ன நினைப்பார், மேடை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சொந்தக் கதையைச் சுமத்துகிற மொழிபெயர்ப்பாளனை யாருக்குப் பிடிக்கும், கேட்காதே, நாக்கை அடக்கு, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குற்றாலிங்கத்தின் வாய் கேட்டுவிட்டது. தங்கை, லேப், தெரு, கையில் செருப்பு, பதினொரு பக்கம், எல்லாம் மூச்சு விடாமல் வந்தது, கடைசியில் அந்தக் கார்டை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் காதெல்லாம் சுட்டது. "சார், வெள்ளக்காரரு மூஞ்சி மாறிடுச்சே, இன்னா சொன்னீங்க?" என்றார் தணிகாசலம் திரும்பாமலே.

டில்மன் கைக்குட்டையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இல்லை, பார்த்ததில்லை" என்றார். "அவளிடம் அதைச் சொல்லிவிடுங்கள். என் தெருவையே நான் பார்க்கவில்லை." அவர் பிறந்த ஊரில் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பு, அப்பாவின் ஸ்டேஷனில் பெட்டி தூக்கிய கறுப்பர்கள் அங்கே இருந்தார்கள், பதினெட்டு வயது வரை ஒரு தடவைகூட அந்தத் தண்டவாளத்தைத் தாண்டியதில்லை, போகக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. ஐம்பத்தேழில், தெற்கே கறுப்பர்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை வேண்டும் என்று போராட்டம் நடந்தபோது, பொறுங்கள், அவசரப்படாதீர்கள் என்று தன் பத்திரிகையில் எழுதினார். அந்தக் கட்டுரை அவரைப் பெரிய ஆளாக்கியது. அலபாமாவிலிருந்து கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அவருக்கு எட்டுக் கடிதம் எழுதினாள், எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும், ஒரு தேதி சொல்லுங்கள் என்று. "நான் பதில் எழுதவில்லை, லிங்கம். என்னிடம் தேதி இல்லை. பத்து வருஷம் கழித்து நான்காம் பதிப்பின் முன்னுரையில் நான் தவறு செய்துவிட்டேன் என்று ஒரு பத்தி சேர்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காதது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளுக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று விசாரித்தால் அவள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது." கைக்குட்டையைக் கோட்டுப் பையில் திணித்தார். "அந்த வாதம் தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நான் எந்தக் கரையில் நின்றுகொண்டு அதைச் சொன்னேன் என்பதுதான் தப்பு." திடீரென்று இவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் அவளுக்கு என்ன பதில் எழுதினீர்கள்?" எழுதவில்லை சார். "எத்தனை வருஷம்?" பதினெட்டு. டில்மனின் தடித்த புருவம் இரண்டும் மேலே போயின. "கடவுளே! நீங்கள் என்னைவிட மோசமான கன்சர்வேடிவ்!" குற்றாலிங்கம் சிரித்தார், சிரிப்பு என்றுதான் நினைத்தார், கன்னத்தைத் தொட்டால் ஈரமாக இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், அவமானமாக இருந்திருக்க வேண்டும், இரண்டும் இல்லை, உடம்பு முழுக்க ஒரு துள்ளல், காய்ச்சல் விட்டு எழுந்த காலையில் வருகிற பசி மாதிரி, லாரி நகர்கிறது, நந்தனம், தேனாம்பேட்டை, ஓட்டு தணிகாசலம், ஓட்டு, அந்த மனிதரிடம் தேதி இல்லை, இருபத்தாறு வருஷம் என் தலைமேல் நின்றவரிடம் ஒரு தேதி இல்லை, அதைச் சொல்லவும் தெரிகிறது அவருக்கு, ஆவுடை இருக்கிறாள், இறந்துபோகவில்லை, இருக்கிறாள், நாற்பத்தாறு வயதில் நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அரங்கத்தில் மாலையும் சந்தனமும் தயாராக இருந்தன. கூட்டச் செயலாளர் டில்மனைக் காப்பி குடிக்க அழைத்துப்போக, குற்றாலிங்கம் ஆபீஸ் அறைக்குள் புகுந்து போனை எடுத்தார். நம்பர் டைரியில் இருந்தது, அத்தை மகன் எப்போதோ கொடுத்தது, ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய டைரியிலிருந்து புது டைரிக்கு அதை எழுதிக்கொள்வார், ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. வெளியூருக்குச் சாதாரண டிரங்க் கால் சாயங்காலம்தான் கிடைக்கும் என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண். உடனே கிடைக்கிற லைட்னிங் கால் போடுங்கம்மா என்றார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம். மணி அடித்தது. கரகரப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சின்னப் பெண், "ஹலோ, நர்ஸ் குவார்ட்டர்ஸ், சொர்ணம் பேசுதேன்." குற்றாலிங்கம் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். சொர்ணம் அவருடைய அம்மாவின் பெயர். அம்மா இறந்தபோது ஆவுடையை வாசலோடு அனுப்பியிருந்தார்கள், அவள் அந்தப் பெயரைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய் மகளுக்கு வைத்திருக்கிறாள். "யாரு வேணும்?" என்றது குரல். ஆவுடையம்மா இருக்காங்களாம்மா? "நீங்க யாரு?" மாமா. "எந்த மாமா?" பேரைச் சொன்னார். குரல் அந்தப் பேரை மெதுவாகத் திரும்பச் சொன்னது. பிறகு, "மாமா, வச்சிராதீங்க! வச்சிராதீங்க, இந்தா ஓடிப் போய்க் கூட்டிட்டு வாரேன்!" ரிசீவர் மரத்தில் மோதியது, காலடி ஓடியது. கதவருகே செயலாளர் வந்து, "சார், மைக் ரெடி" என்றார். குற்றாலிங்கம் ஒரு விரலைத் தூக்கினார்.

"அண்ணே! யாருக்கு என்ன ஆச்சு?"

அதுதான் ஆவுடை சொன்ன முதல் வார்த்தை, மூச்சிரைக்க, பயந்து. லைட்னிங் கால் என்றால் சாவு என்றுதானே அர்த்தம். "யாருக்கும் ஒண்ணும் இல்ல, ஆவுடை. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் பேசணும்னு…" ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நான் அன்னைக்கு எழுதினது தப்பு. பதினொரு பக்கமும் தப்பு. அதைச் சொல்லணும்." இப்போது ஆவுடையின் குரலில் பயம் இல்லை, அழுகை இல்லை, வார்டில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவளின் குரல். "அண்ணே, இதை எங்கிட்ட சொல்லாத. அவுககிட்ட சொல்லு. பக்கத்து லேபுலதான் இருக்காவ. ஏ சொர்ணம், அப்பாவக் கூப்பிடு!" மறுபடியும் ஓடுகிற காலடி. ஞானதாஸ் வருகிறார். அவரிடம் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது, மாப்பிள்ளை என்றா, எந்த உரிமையில், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதா, நீங்கள் என்பதா, ஒரு சொல்லும் கையில் இல்லை, இருந்தும் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அங்கே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குறுக்கே எக்ஸ்சேஞ்ச் பெண் வந்து, "மூணு நிமிஷம் முடியப் போவுது சார், நீட்டிக்கலாமா?" என்றாள்.

"நீட்டுங்கம்மா" என்றார் குற்றாலிங்கம். "இன்னும் ஒருத்தர்கிட்ட பேசணும்."